குதிரையும் குடியானவரும்

நமது ராஜகீழ்ப்பாக்கத்து அங்கத்தினர்களுக்குக் குதிரை என்றதும் கிண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே பந்தயம் தொடங்கியது 1777-ஆம் ஆண்டில் என்பர். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் ஏற்பட்டது. பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் வந்தது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் அந்த 160 ஏக்கர் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயத்தைப் பற்றி இவ்வளவு போதும். நாம் ஆராய விரும்புவது வேறு. தமிழ்நாட்டுக் குடியானவரின் தொழுவத்தில் மாடு நின்றது. குதிரை ஏன் நிற்கவில்லை?

வயல் ஒரு காரணம். சேற்றில் இறங்கி உழவும், வைக்கோலைத் தின்று அசைபோடவும் மாட்டுக்கே இயலும். குதிரை அசைபோடாத பிராணி. அதன் இரைப்பை சிறியது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய வேண்டும். தானியத்தை ஒரேயடியாக வைத்தால் வயிற்று நோய் கண்டு மாண்டுபோகும். ஆயினும் வயல் மட்டுமே காரணமன்று என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டுக்குக் குதிரை கடல்வழியே வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. மாணிக்கவாசகர் பாண்டியனின் பொக்கிஷத்திலிருந்து பொன்னை எடுத்துக்கொண்டு திருப்பெருந்துறைக்குச் சென்றது குதிரை வாங்கத்தான் என்ற கதையை அறியாதவர் இல்லை. கதை கிடக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். பாண்டியர் காலத்து வாணிபத்தைக் குறித்துப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்துள்ளார். கீஷ் தீவிலிருந்து வருஷந்தோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை. பெருக்கினால் 3,08,000 தினார். வழியில் கடலிலே செத்த குதிரைக்கும் பாண்டியன் பொக்கிஷமே விலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை! விற்பவனுக்கு நஷ்டமே இல்லாத இத்தகைய பேரத்தை நமது சங்கத்தின் நிர்வாகக் குழு ஒரு நாளும் ஏற்காது.

வாங்கிய குதிரைகளாவது பிழைத்தனவா? சுமார் 1292-இல் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினாலும் வருஷ முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார். மாமிசம் கலந்த சோற்றை அவற்றுக்கு இட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவரும் இல்லை. அத்தகையவர் யாரும் இந்நாட்டுக்கு வராதபடி வர்த்தகர்களே தடுத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி! வெளிநாட்டவர் எழுத்தில் மிகை இருக்கலாம். ஆனால் சரக்கை விற்று வித்தையை மறைப்பது புதிய தந்திரமன்று. சாயம் வாங்கும் நெசவாளருக்கும் விதை வாங்கும் உழவருக்கும் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்த தேசம் ஒன்று உண்டு. வடகடலில் உள்ள ஐஸ்லாந்து நம் தமிழ்நாட்டை விடச் சிறியது, குளிர் கடுமையானது. குடியேறியவர்கள் படகில் கொண்டுவந்த குதிரைகளின் வழியே இன்றும் அங்கே உள்ள ஒரே இனம். கி.பி. 982-இல் அவர்களுடைய பொதுச்சபை வெளிக்குதிரை இறக்குமதியைத் தடுத்தது என்பது அந்நாட்டார் பெருமையுடன் கூறும் செய்தி. வெளிநாடு சென்ற குதிரை, அங்கே பிறந்ததேயானாலும், திரும்பி வரலாகாது. நோய் புகாதிருக்கவே இவ்வளவு கண்டிப்பு. உருவத்தில் மட்டமானாலும், டோல்ட் என்னும் தனி நடையால் ஏறியிருப்பவரைக் குலுக்காமல் கொண்டுசெல்லும்.

அங்கே குதிரை குடியானவருடையது. கோடையில் பலருடைய குதிரைகளும் பொது மேய்ச்சல் மலைகளில் கலந்து திரியும். செப்டம்பரில் அண்டைப் பண்ணையார்கள் ஒன்றுகூடி அவற்றை ஓட்டிவந்து வட்டமான பெரும்பட்டி ஒன்றில் அடைப்பார்கள். பட்டியைச் சுற்றிலும் பண்ணைக்கொரு அறை. அவரவர் குதிரையை அடையாளம் கண்டு அவரவர் அறையில் சேர்ப்பார்கள். பிறகு பாட்டும் விருந்தும்தான். மேய்ச்சல் நிலம் பொது, உழைப்பும் பொது, பிராணி மட்டும் தனியுடைமை. சங்கம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு இது.

நம் கிராமத்தாருக்கும் பொதுக் குதிரை இருந்தது. அது மண் குதிரை. புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். ஊரார் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பதே அதற்கு உத்தரவு. களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, கால்களை முதலில் நிறுத்தி, உள்ளே கூடாக உடலை வனைந்து, வைக்கோலும் விறகும் மூட்டிச் சுடுவார்கள். செலவு ஊர் வரியில் சேரும். பின்னர் ஊர்வலமாகத் தூக்கிச் சென்று கோயிலில் நிறுத்துவார்கள். அரசன் பொன் கொடுத்தும் காப்பாற்ற முடியாததை, ஊரார் தம் மண்ணிலேயே செய்துகொண்டார்கள். குளமங்கலம் ஐயனார் கோயிலின் மாபெரும் குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப் பூமாலைகள் மலைமலையாகச் சாத்தப்படுவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

உயிர்க் குதிரையைக் காண விரும்பும் அங்கத்தினர்கள் ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குச் செல்லலாம். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிய சந்தைக்குக் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளும் மாடுகளும் வருகின்றன. திப்பு சுல்தான் காலம் முதல் பேர்பெற்றது என்பது அவ்வூர்ப் பேச்சு. அங்கே வாங்குபவர்கள் முதலில் பல்லைப் பார்த்து வயதை மதிப்பிடுகிறார்கள். பிறகு சுழி பார்க்கிறார்கள். சுழியில் நமக்கு நம்பிக்கையில்லை. குளம்பைத்தான் தூக்கிப் பார்க்கச் சொல்லுவோம். குளம்பு நம் நகத்தைப் போல் வளர்வது. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை செதுக்காவிட்டால் நடை கெட்டு, குதிரை நொண்டியாகும். ரயில் நிலைய வாசல்களில் ஜட்கா நின்ற நாட்களில் லாடம் கட்டுபவரைத் தேட வேண்டியிருந்ததில்லை. இப்போது குதிரையை விலை பேசுமுன் அவர் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை நாளுக்கொரு முறை வருவார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.