டர்போ காரில் ஆக்சிஜன் உணரிக்கு உரிய இடம்

பெட்ரோல் இயந்திரத்தில் எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்பதை அளந்தே, அடுத்த சுழற்சிக்கு எவ்வளவு எரிபொருள் பீய்ச்ச வேண்டும் என்பதைக் காரின் கணினி திருத்திக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதற்குக் காற்று குறைந்தால் 'ரிச்' என்றும், மிகுந்தால் 'லீன்' என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். இதை அளக்கும் உணரியைப் போஷ் நிறுவனம் உருவாக்க, 1976-இல் வால்வோ கார்களில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சிர்கோனியா என்ற பீங்கான், சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்போது ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே செல்லவிடும் இயல்புடையது என்பதே இதன் அடிப்படை.

தொடக்ககால உணரி, கலவை ரிச்சா லீனா என்று மட்டுமே சொன்னது. பின்னர் வந்த அகலப்பட்டை உணரி எந்த அளவுக்கு என்பதையும் சொல்கிறது: நுண்துளைத் தடுப்பு ஒன்றின் வழியே சிறு அறைக்குள் கசியும் புகையைச் சமன்செய்ய, ஆக்சிஜனை உள்ளேயோ வெளியேயோ இறைக்கும் மின்னோட்டமே அதில் அளவீடாகிறது. டர்போ கார்களில் சிக்கல் எழுவதும் இந்த நுண்துளைத் தடுப்பில்தான்.

புகையின் விசையால் சுழலும் சக்கரத்தைக் கொண்டு காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்துவது டர்போசார்ஜர். புகையின் வழியை அந்தச் சக்கரம் மறிப்பதால், அதற்கு முன்னுள்ள குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கையும் தாண்டக்கூடும். அழுத்தம் கூடினால் தடுப்பின் வழியே கூடுதலான மூலக்கூறுகள் கசிகின்றன. அவற்றைச் சமன்செய்யக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுகிறது. எனவே கலவை மாறாதிருக்கும்போதே, ரிச்சானது மேலும் ரிச்சாகவும் லீனானது மேலும் லீனாகவும் அளவீட்டில் தோன்றுகின்றன.

இப்பிழை எந்தத் திசையில் சாய்கிறது என்பதுதான் மிகவும் கவலைக்குரியது. முழு வேகத்தில், உருளைகளின் வெப்பத்தைத் தணிப்பதற்காக டர்போ இயந்திரங்களுக்குப் பல வேளைகளில் ரிச்சான கலவையே கொடுக்கப்படுகிறது. அப்போது சக்கரத்துக்கு முன்னுள்ள உணரி, எரிபொருள் தேவைக்கு மிகுந்திருப்பதாகக் காட்ட, அதை நம்பி எரிபொருளைக் குறைப்பவர், அழுத்தமும் வெப்பமும் உச்சத்திலிருக்கும் அதே கணத்தில் கலவையை லீனாக்கிவிடுகிறார். கலவை தன்னிச்சையாக வெடித்து 'நாக்கிங்' தொடங்க, பிஸ்டனே உருகிப்போகும் நிலையும் வரலாம். போதாக்குறைக்கு, அங்கே புகையின் வெப்பம் 950 டிகிரியையும் தாண்டுவதுண்டு. பரவலாகப் பயன்படும் உணரி ஒன்றுக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லையே 930 டிகிரிதான்.

ஆகவே உணரிக்கு உரிய இடம் சக்கரத்துக்குப் பின்னும், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிக்கு முன்னும் ஆகும். அங்கே புகை தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சக்கரத்திடம் இழந்து, வெப்பமும் அழுத்தமும் தணிந்து வருகிறது. தனியாக உணரி பொருத்துவோருக்கு, டர்போவிலிருந்து சுமார் 60 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தும்படி பொதுவாகச் சொல்லப்படுகிறது. சக்கரத்தைத் தவிர்த்து 'வேஸ்ட்கேட்' என்ற பக்கவழியில் வரும் புகையும் அந்தத் தொலைவுக்குள் நன்கு கலந்துவிடும். ஆனால் குழாயின் கடைசி முனைக்கருகில் வைத்தால், இயந்திரம் மெதுவாக ஓடும்போது வெளிக்காற்று பின்னோக்கி நுழைந்து அளவீட்டைக் கெடுக்கும்.

தொலைவைப் போலவே சாய்வும் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது துளிகளாகப் படிகிறது. சூடேறிய பீங்கானின் மீது ஒரு துளி தெறித்தாலும் அது விரிசல் விடக்கூடும் என்பதால், உணரியின் முனை கீழ்நோக்கியும் அதன் உடல் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்தும் இருக்குமாறு குழாயின் மேற்பகுதியில் திருகுவார்கள். குழாய் உலரும்வரை உணரியை முழுமையாகச் சூடேற்றாமல் காத்திருக்கும்படி பல கார்களின் கணினிகளும் அமைக்கப்பட்டுள்ளன.

இடமும் சாய்வும் சரியாக அமைந்த பின்னும், உணரிக்கு முன்னுள்ள இணைப்புகளில் கசிவு இருக்கக்கூடாது. புகை துடிப்பு துடிப்பாகச் செல்வதால், இரு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் தாழும் கணத்தில் சிறு விரிசல் வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட, உணரி அந்த ஆக்சிஜனையும் சேர்த்தளந்து கலவை லீன் என்று அறிவிக்கிறது, கணினியும் தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டுகிறது. அதனால் இத்தகைய குறையோடு பட்டறைக்கு வரும் காரில், உணரியைக் கழற்றுவதற்கு முன் டர்போவின் கேஸ்கட்டையும் குழாய் இணைப்புகளையும் சோதிப்பதே முறையாகும்.