மரப்பொந்துக்குள் மூன்று மாதம்

தைப்பூசக் காவடிகள் இறங்கி, சீனப் பெருநாளின் சிவப்பு விளக்குகளும் அவிழ்க்கப்பட்ட பிறகு, பினாங்கில் சில வாரங்களுக்கு வானம் தெளிந்துவிடும். அப்போதும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்தான். ஆனால் அது கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியைத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையே வாங்கிக்கொள்கிறது. நடுவில் நிற்கும் மலைத்தொடரைத் தாண்டி மேற்கே வருவது குறைவு. குளிர்நாடுகளில் இது வசந்தத்தின் தொடக்கம். இங்கே ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விடும் காலம்.

சிம்பாங் அம்பாட்டில் குடியிருக்கும் தம்பதியருக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை நடைக்கு இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. வடக்கே புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோகுன் காட்டுப் பூங்கா, தெற்கே நிபோங் தெபாலை ஒட்டிய புக்கிட் பஞ்சோர் இரண்டும் பக்கம்தான். நேரம் இருந்தால், 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தைப் பத்து கவானில் பிடித்துப் பினாங்குத் தீவுக்கே போய்விடலாம். அங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அருகில்தான் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. இப்படி வாராவாரம் நடக்கிறவர்கள் நிமிர்ந்து தேட வேண்டிய பறவை ஒன்று உண்டு: இருவாச்சி.

மலேசியாவில் இருவாச்சி இனங்கள் பத்து. சரவாக்கின் சின்னமான காண்டாமிருக இருவாச்சி போன்றவை அடர்காட்டை விட்டு வருவதில்லை. மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு அருகில் வாழப் பழகியது, மலாய்க்காரர்கள் எங்காங் கெலிங்கிங் என்று அழைக்கும் கறுப்பு வெள்ளை இருவாச்சிதான். உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, விரிந்த இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு. மஞ்சள் கலந்த வெளிர் நிற அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு புடைப்பு. பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் புடைப்பின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். முழுப்பறவையின் எடையே ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆணின் புடைப்பு பெரிது; பெண்ணுக்குச் சிறியது, அலகிலும் கறை படிந்தது போன்ற திட்டுகள் இருக்கும். இவ்வளவு நீண்ட அலகைத் தாங்குவதற்கென்றே கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இந்த அமைப்பு இல்லை.

அலகு நீளம், நாக்கு குட்டை. அதனால் பழத்தை அலகு நுனியில் கவ்வி, மேலே தூக்கிப் போட்டுத் தொண்டையில் பிடிக்கிறது. அத்திப்பழம் என்றால் உயிர். பல்லி, பூச்சி, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு எதையும் விடாது. விழுங்கிய பெரிய விதைகளைத் தொலைவில் கக்கிவிடுவதால் காட்டு மரங்களுக்கு இதுவே விதைப்பாளர்.

இந்தப் பறவையின் வாழ்க்கையில் வியப்பான பகுதி அதன் இனப்பெருக்கம். இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்து உளுத்த இடத்திலோ, மரங்கொத்தி விட்டுச்சென்ற துளை காலப்போக்கில் அகன்ற இடத்திலோ அமைந்த பொந்தைத்தான் அது தேடிப்பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு பெண் உள்ளே போகிறது. மண், உணவுக் கழிவு, தன் எச்சம் எல்லாவற்றையும் குழைத்து வாசலைப் பூசி அடைக்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு செங்குத்தான பிளவு மட்டும் மிஞ்சும். பாம்பும் உடும்பும் குரங்கும் நுழைய வழியில்லை. பல இருவாச்சி இனங்களில், அடைந்து கிடக்கும் பெண் தன் பறக்கும் சிறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. அவை மறுபடி முளைக்கும்வரை நினைத்தாலும் பறக்க முடியாது.

அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம், உள்ளே இருக்கும் உயிர்கள் எல்லாம் ஒற்றை ஆணை நம்பியிருக்கின்றன. தொண்டைப் பையில் அத்திப்பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, பிளவு வழியே ஊட்டுகிறது. முட்டைகள் பொரிந்தபின் குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டும். அப்போது பல்லியும் பூச்சியும் வரத் தொடங்கும். பெண் தன் எச்சத்தைப் பிளவு வழியாகவே வெளியே பீச்சிப் பொந்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. இந்த நாட்களில் ஆணை ஒருவர் சுட்டு வீழ்த்தினால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன என்று எண்ணிப் பார்த்தாலே போதும், வேட்டை எவ்வளவு கொடியது என்பது புரியும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தீபகற்பத்தில் இருவாச்சிகளுக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது.

தாய்லாந்தின் காவ் யாய் காட்டில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்ஸ்வாத் குழுவினர் கண்டபடி, பெண்கள் கூடடையும் காலம் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டியது. பினாங்கில் நடைக்கு உகந்த அதே வாரங்கள். மற்ற மாதங்களில் ஜோடியாகவோ கூட்டமாகவோ பறக்கும் பறவை இப்போது ஒற்றையாகத் தெரிந்தால், அதுவும் வாயில் பழத்தோடு ஒரே திசையில் போனால், துணை பொந்துக்குள் இருக்கிறது என்று ஊகிக்கலாம். பூங்காவுக்கு ஒருமுறை வந்துபோகிறவருக்கு இது பிடிபடாது. ஒரே பாதையில் வாராவாரம் நடக்கும் இருவருக்குப் பிடிபடும். மரத்தடியில் அத்தி விதைகளும் எச்சமும் ஒரே இடத்தில் குவிந்திருப்பது இன்னொரு தடயம்.

செரோக் தோகுன் பூங்காவில் பார்வையாளர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கும் பெருமரம் ஒன்று நிற்கிறது. மெங்குண்டோர் என்பது அதன் உள்ளூர்ப் பெயர். தாவரவியலில் டெட்ராமெலஸ் நூடிஃப்ளோரா. பலகை போல் விரிந்த வேர்கள் அடிமரத்தைச் சுற்றித் தாங்குகின்றன. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தில் அபராஜிதா தத்தா நடத்திய ஆய்வுகளில், இருவாச்சிகள் மிக அதிகமாகக் கூடு வைத்தது இதே இன மரத்தில்தான். கட்டை மென்மையானது, எளிதில் உளுக்கும், பொந்து விழும். மரக்கடைக்காரர் குறையாக நினைப்பது இருவாச்சிக்கு வீடாகிறது. பக்கேயைச் சுற்றி வாழும் நிஷி மக்கள் ஒரு காலத்தில் இருவாச்சி அலகைத் தலைப்பாகையில் சூடியவர்கள். இன்று அவர்களில் பலர் கூட்டு மரங்களுக்குக் காவலாக வேலை செய்கிறார்கள். தலைப்பாகையில் செயற்கை அலகு இடம்பிடித்திருக்கிறது.

பொந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே மறைந்துபோன கறுப்பு வெள்ளை இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் ஒரு ஜோடியாக மறுபடி கண்ணில் பட்டது. பழம் இருந்தது, கூடு வைக்கத் தகுந்த கிழட்டு மரங்கள்தான் போதவில்லை. பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் மரங்களில் கூட்டுப் பெட்டிகளைக் கட்டி, உள்ளே கேமராவும் வைத்தார்கள். பறவைகள் பெட்டிகளை ஏற்றுக்கொண்டன, பெருகின. கேமரா இனிமையானதை மட்டும் காட்டவில்லை: நோஞ்சான் குஞ்சைத் தாயே கொன்று இரையாக்கியதும் பதிவானது. இரை பற்றாத கூட்டில் மிஞ்சும் குஞ்சுகளைக் காப்பாற்றும் கணக்காக அது இருக்கலாம்.

பூங்காக்களைப் பராமரிக்கிறவர்கள் பட்டுப்போன மரத்தை முதலில் வெட்டுவது வழக்கம். நடைபாதைக்கு மேல் சாய்ந்து நின்றால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் பாதையை விட்டுத் தள்ளி நிற்கும் பொந்து மரத்தை அழகில்லை என்பதற்காக வெட்டி, அந்த இடத்தில் வரிசையாகப் பூங்கன்று நடுவது பெரிய இழப்பு. கன்று வளர்ந்து, கிளை முறிந்து, உளுத்து, ஒரு பறவை நுழையும் அளவுக்குப் பொந்து விழப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

கூட்டைக் கண்டுபிடித்த தம்பதியர் செய்ய வேண்டியது சொற்பம். மரத்தடியில் நின்றுகொண்டிருந்தால் ஆண் இரையோடு பக்கத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். உள்ளே பசி நீளும். ஆகவே தள்ளி நின்று தொலைநோக்கியில் பார்க்க வேண்டும், ரொட்டித் துண்டு எதையும் போடக் கூடாது, இடத்தைக் குறிப்பிட்டு இணையத்தில் படம் பரப்பக் கூடாது. தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால், ஏப்ரல், மே வாக்கில் வாசல் உடைந்து தாயும் குஞ்சுகளும் வெளியேறும் வாரத்தை ஓரளவு கணித்துவிடலாம்.