"சர்வர் டவுன்" என்றால் என்ன?



பேங்குக்குப் போனால் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்கம்மா" என்கிறார்கள். தாலுகா ஆபீசிலும் அதே பதில்தான். "நம்ம செல்லுல நெட் நல்லாத்தானே ஓடுது, இவங்களுக்கு மட்டும் ஏன் ஓடல?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

செல்போனில் நாம் பார்ப்பது இன்டர்நெட். அது பஸ் ஸ்டாண்டு மாதிரி, யாரும் வரலாம், போகலாம். பேங்குகளும் அரசு அலுவலகங்களும் தங்களுக்கென்று தனியாக ஒரு வலையமைப்பு வைத்திருக்கின்றன. இன்ட்ராநெட், உள்வலை என்று சொல்லலாம். இது கோயில் மடப்பள்ளி மாதிரி. உள்ளே வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் போகலாம், நமக்கு வெளியில்தான் பிரசாதம். சர்வர் என்பது எல்லாக் கணக்கும் சேர்ந்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர். அது நம்ம ஊர்க் கிளையில் இல்லை, எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறது. வேறொரு ஊரில் அதற்கு நகலும் உண்டு. அதனால் சர்வர் நின்றால் பணம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்தால்கூட கவுண்டரில் "சர்வர் டவுன்" என்றுதான் சொல்வார்கள்!

ஒரு நாட்டுக்கே இப்படி வலை உண்டு. வட கொரியாவில் சாதாரண மக்களுக்கு உலக இன்டர்நெட் கிடையாது, அரசு நடத்தும் உள்வலைதான். நம்ம நாட்டில் அப்படி இல்லை. ஆனால் அரசு அலுவலகங்களை இணைக்க நிக்நெட் என்ற வலை 1980களிலேயே வந்துவிட்டது.

உள்வலை என்றாலே மக்களுக்குத் தூரம் என்றும் சொல்ல முடியாது. 2004 அக்டோபர் 18 அன்று நம்ம திருவையாற்றில் கிராம வள மையம் தொடங்கியது. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைத்தார்கள். நிபுணர்களிடம் முகம் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. மடப்பள்ளிக்குள்ளேயே நம்மை உட்கார வைத்த மாதிரி!

மற்ற இடங்களில் அப்படி இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கோ அதுதான் செல்லும். நெல் கொள்முதலைப் பாருங்கள். நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021-22 பருவத்தில் ஆன்லைன் முன்பதிவு கொண்டுவந்தது. சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சொந்த நிலக்காரருக்கு சரி. நம்ம டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் என்று குத்தகைக்குப் பயிர் செய்யும் குடும்பங்கள் எத்தனை! நடவு, களையெடுப்பு எல்லாம் இந்தம்மா செய்திருப்பாங்க, கம்ப்யூட்டர் சிட்டாவில் இருப்பது வேற பேரு. மூட்டை களத்தில் மழையில் நனையும்போது கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுவதில் பயனில்லை. பயிர் நிற்கும்போதே அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் யாருடையது என்று கேட்டு, பிரிண்ட் வாங்குங்கள். 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேடு சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுத்துப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. பட்டா, சிட்டாவை அரசு இ-சேவை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது கடன். இதில்தான் நம்ம பெண்கள் அதிகம் மாட்டுகிறார்கள். சுய உதவிக் குழுக் கடனில் உறுப்பினர் வாரியான விவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016இல் பேங்குகளுக்கு உத்தரவு போட்டது. நாம் 'சிபில்' என்று மொத்தமாகச் சொல்கிறோம். உண்மையில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. குழுக் கடன் தவணையை சேமிப்புக் கணக்கு நம்பரில் கட்டிவிட்டால், பணம் பத்திரமாக இருக்கும், ஆனால் கடன் கணக்கில் பாக்கி நிற்கும். தீர்மான நோட்டில் "கடன் முடிந்தது" என்று நாம் எழுதியது அந்த வலைக்குத் தெரியாது. பிறகு பிள்ளை படிப்புக்குக் கடன் கேட்கப் போனால் கை விரித்துவிடுவார்கள்.

ஆகவே ஊக்குநரும் பிரதிநிதியும் தவணை கட்டும்போது சலானில் கடன் கணக்கு நம்பரைச் சரிபார்க்கவும். சீல் போட்ட அடிக்கட்டையைப் பத்திரப்படுத்தவும். சர்வர் வந்தபின் கடன் கணக்கு விவரத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கி, பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். கடன் முடிந்தால் 'பாக்கி இல்லை' சான்று கேட்டு வாங்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை அந்த நாலு நிறுவனங்களிடமும் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தப்பு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்க மறக்காதீங்க, நாள் கணக்கு அதிலிருந்துதான்.