நிறக் கோட்பாடு: வடசென்னைத் துறைமுகப் பகுதி வழியே ஓர் அறிமுகம்

நிறக் கோட்பாடு என்பது நிறங்கள் எவ்வாறு உருவாகின்றன, கலக்கும்போது என்ன ஆகின்றன, அருகருகே வைக்கப்படும்போது கண்ணுக்கு எப்படித் தோன்றுகின்றன என்பவற்றை விளக்கும் துறையாகும். ஓவிய மாணவர்கள் இதை நிறவட்டம் வழியாகவே முதலில் அறிகின்றனர். நிறவட்டம் பயனுள்ள கருவிதான். ஆனால் அதை மனப்பாடம் செய்த மாணவர் கடலுக்கு நீலமும் நிழலுக்குக் கறுப்பும் தீட்டுவதை அது தடுத்துவிடுவதில்லை. அதற்கு நிறத்தை நேரில் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் கடற்கரைப் பகுதி ஏற்ற இடம். கப்பல், கன்டெய்னர், மீன்பிடி விசைப்படகு, துரு, சாம்பல், எண்ணெய் என எல்லாம் ஒரே சாலையில் கிடைக்கின்றன. 1850 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியும் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.

ஒளியின் நிறமும் சாயத்தின் நிறமும்

வெள்ளை ஒளி பல நிறங்களின் கலவை என்பதை நியூட்டன் முப்பட்டகத்தைக் கொண்டு காட்டினார். அவருடைய 'ஆப்டிக்ஸ்' நூல் 1704 இல் வெளிவந்தது. ஒளியைப் பொறுத்தவரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் முதன்மை நிறங்கள். மூன்றையும் சேர்த்தால் வெள்ளை வரும். கைபேசித் திரை இவ்வாறே இயங்குகிறது. சாயத்தின் கதை வேறு. சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. எனவே சாயங்களைச் சேர்க்கச் சேர்க்கத் திரும்பி வரும் ஒளி குறைந்து கலவை இருண்டு போகிறது.

பள்ளியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கற்பிக்கப்படும் மூன்று முதன்மை நிறங்கள் பழைய வழக்கம். அச்சகத்தில் பயன்படும் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகியவை இன்னும் பரந்த நிறங்களைத் தரும். ஆனாலும் மாணவரின் உண்மையான சிக்கல் இது அல்ல. "சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்று படித்தவர் வெர்மிலியன் சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால் கிடைப்பது அழுக்கு நிறம். வெர்மிலியனில் மஞ்சளின் சாய்வு இருப்பதே காரணம். மஞ்சள் ஊதாவுக்கு எதிர் நிறம் என்பதால் கலவை மங்கிவிடுகிறது. நீலத்தின் பக்கம் சாய்ந்த கிரிம்சனை எடுத்தால் அதே நீலம் தெளிந்த ஊதாவைத் தரும். குழாயில் எழுதியிருக்கும் பெயரைவிட அந்தச் சாயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே கலவையைத் தீர்மானிக்கிறது.

மூன்று அளவுகள்

அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் 1905 இல் நிறத்தை மூன்று அளவுகளாகப் பிரித்தார். நிறச்சாயல் என்பது அது சிவப்பா பச்சையா என்பது. ஒளிமை என்பது அது எவ்வளவு வெளிர்ந்தது அல்லது இருண்டது என்பது. செறிவு என்பது அது எவ்வளவு அடர்ந்தது அல்லது மங்கியது என்பது. எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தால் மூன்றும் விளங்கும். புதிய மெஜந்தா நிறக் கன்டெய்னருக்குச் செறிவு அதிகம். அதே கன்டெய்னர் சில ஆண்டுகள் வெயிலில் நின்றால் நிறச்சாயல் பெரிதாக மாறாமல் செறிவு மட்டும் குறையும். கரும்பச்சைக் கன்டெய்னரும் கருநீலக் கன்டெய்னரும் நிறச்சாயலில் வேறுபட்டாலும் ஒளிமையில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், கறுப்பு வெள்ளைப் படத்தில் அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

மூன்றில் மாணவர்கள் அதிகம் தவறுவது ஒளிமையில்தான். 1856 இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களும் கொண்டது. அதை வரைபவர் தூண் வெள்ளை என்பதால் நிழற்பக்கத்தையும் வெளிறியதாகவே தீட்டுவார். நேர்வெயில் நேரத்தில் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், வெயில்பட்ட சிவப்புச் சுவரைவிட நிழலில் உள்ள வெள்ளைப் பரப்பு இருண்டிருப்பதைக் காணலாம். அந்த நிழல் வெறும் சாம்பல் நிறமும் அல்ல. நேர்வெயில் படாத இடத்தில் வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால் அதில் நீலம் இருக்கும்.

ஒரு காலத்தில் இப்பகுதியின் வெள்ளைச் சுவர்களுக்கு வேறு சிக்கலும் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டதால் ராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிந்தது. 2011 இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நிறுத்தப்பட்டு, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. வெள்ளையில் கறுப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் படிக்க வகுப்பறை தேவைப்படாத ஊர் இது.

அருகிலிருக்கும் நிறம்

பிரான்சின் கோபலன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலர் செவ்ரல், கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டியது. 1839 இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்று விளக்கியது. நிறவட்டத்தில் நேரெதிரே இருக்கும் சிவப்பு–பச்சை, நீலம்–ஆரஞ்சு, மஞ்சள்–ஊதா இணைகள் நிரப்பு நிறங்கள் எனப்படும். அவை கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

நீல நிறப் படகில் துரு ஏறிய ஆணி கண்ணில் படுவது இதனால்தான். உயிர்காப்பு மிதவை ஆரஞ்சு நிறத்தில் இருப்பதும் நீலப்பச்சைக் கடலில் அது தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. எண்ணூரின் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த நிலத்தை வரைவோர் சாம்பல் நிறக் குழாயைப் பிதுக்குவது வழக்கம். அதே சாம்பல் நிறம் செங்கற்சுவருக்கு அருகில் நீலமாகவும், உப்பங்கழிப் புதர்களுக்கு அருகில் லேசான இளஞ்சிவப்பாகவும் தோன்றும். தாளில் ஒரே நடுச்சாம்பலை இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒட்டிப் பார்த்தால் போதும்.

விடியலும் விளக்கும்

காசிமேட்டில் படகுகள் வந்து சேர்வதும் மீன் ஏலம் நடப்பதும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். அந்த மங்கிய வெளிச்சத்தில் சிவப்புப் படகு கறுப்பாகவும், பகலில் அதே அளவு இருண்டதாகத் தெரியும் நீலப் படகு சற்று வெளிறியும் தெரியும். செக் அறிவியலர் புர்கினியே பெயரால் அறியப்படும் விளைவு இது. பகலில் வேலை செய்யும் கூம்புச் செல்கள் சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள்பச்சையில், கூர்மையானவை. இருட்டில் வேலை செய்யும் கோல் செல்களின் உச்சம் சுமார் 507 நானோமீட்டர். எனவே வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் அணைகிறது. விடியற்காட்சியை வரைபவர் நிறங்களை ஒரே சீராக இருட்டாக்கினால் காட்சி பொய்யாகத் தெரியும்.

சோடியம் விளக்கு இன்னொரு பாடம். தாழ் அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் மஞ்சளே. நீலச் சாயத்துக்குத் திருப்பி அனுப்ப நீல ஒளி வராததால் அது கறுப்பாகிறது. உயர் அழுத்த விளக்கு சற்று மேம்பட்டது. எனினும் அதிலும் நீலம் குறைவு. மீனின் செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர் வெள்ளை விளக்கின் கீழ் பார்ப்பதே நல்லது.

கடலின் நிறம், எண்ணெயின் நிறம்

கடல் நீலமாயிருப்பது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற கருத்தை, 1921 இல் கப்பல் பயணத்தில் ஆராய்ந்து மறுத்தவர் சர் சி. வி. இராமன். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் காட்டினார். நீர் சிவப்பொளியை விழுங்குவதும் ஆழ்கடல் நீலத்துக்குக் காரணம். காசிமேட்டுக் கரையில் வண்டலும் நுண்பாசியும் கலப்பதால் நீர் பழுப்புப்பச்சையாகவே இருக்கும்.

எண்ணெய் படிந்த நீரின் நிறம் சாயத்தால் வருவதல்ல. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வானவில் தோன்றுகிறது. எந்த நிறம் தெரியும் என்பது படலத்தின் தடிமனைப் பொறுத்தது. ஐரோப்பிய நாடுகளின் பான் உடன்படிக்கை இதை ஓர் அளவுகோலாகவே ஆக்கியுள்ளது. சுமார் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர் வரை வெள்ளிச் சாம்பல், 0.3 முதல் 5 வரை வானவில். 5 முதல் 50 வரை உலோகப் பளபளப்பு. அதற்கு மேல் எண்ணெயின் சொந்த நிறம். ஒரு சதுர கிலோமீட்டர் வானவில் படலத்தில் 300 முதல் 5,000 லிட்டர் வரை எண்ணெய் இருக்கலாம் என்று இதிலிருந்து கணக்கிடலாம்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கியது வானவில் அல்ல. வாளிகளில் அள்ள வேண்டியிருந்த கரிய குழம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் படகுகளும் வலைகளும் கூழைக்கடாக்களும் கறை படிந்தன. இத்தகைய காட்சியை வரையும்போது பல மாணவர்கள் அழகுக்காக வானவில்லைத் தீட்டிவிடுகின்றனர். வானவில் தெரியும் இடம் எண்ணெய் மெலிந்த ஓரம். மிகுந்த பாதிப்பு நிறமற்ற கரும்பழுப்பில் இருக்கிறது. அந்தக் கருமைக்குக் குழாய்க் கறுப்பு பொருந்தாது. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் சேர்த்து, எதைக் கூட்டுகிறோம் என்பதற்கேற்பச் சூடான கருமையையோ குளிர்ந்த கருமையையோ பெறலாம்.

கப்பலின் அடிப்பாகம்

கப்பலின் நீர்மட்டத்துக்குக் கீழ் சிவப்புப் பூசுவது அழகுக்காக அல்ல. சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகளில் சேர்க்கப்படும் குப்ரஸ் ஆக்சைடு என்ற செப்புச் சேர்மத்தின் இயல்பான நிறமே செம்மை. இரும்பில் பூசும் ரெட் ஆக்சைடு பிரைமர், காவி மண், பர்ன்ட் சியன்னா, கன்டெய்னரின் துரு ஆகிய எல்லாம் இரும்பு ஆக்சைடு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஈயச் செந்தூரம் வேறு, அது நஞ்சு. வீட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியா 2016 இல் விதி வகுத்தது. பழைய படகுகளின் பூச்சைச் சுரண்டி ஓவியத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடையாள நிறங்கள்

கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பது இதனால் தெரியும். இந்தியத் துறைமுகங்களுக்குள் கடலிலிருந்து நுழையும்போதும் இடப்பக்க மிதவை சிவப்பு, வலப்பக்க மிதவை பச்சை. ஆண்களில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாது. ஆகவே மிதவையின் அடையாளம் நிறத்தை மட்டும் நம்பி வைக்கப்படவில்லை. சிவப்பு மிதவையின் உச்சியில் உருளை வடிவமும் பச்சை மிதவையின் உச்சியில் கூம்பு வடிவமும் பொருத்தப்படுகின்றன.