வீட்டுத் தோட்டத்தில் ஆவாரை வளர்ப்பு

ஆவாரை (சென்னா ஆரிகுலேட்டா) என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலங்களில் இயற்கையாக வளரும் மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட ஒரு புதர்ச்செடி ஆகும். இது ஃபேபேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயசு இதற்கு இட்ட காசியா ஆரிகுலேட்டா என்னும் பெயரே பழைய நூல்களில் காணப்படும். நீர்ப் பற்றாக்குறை உள்ள வீடுகளுக்கு ஏற்ற செடியாயினும், வீட்டுத் தோட்டங்களில் இது பெரும்பாலும் வறட்சியால் அல்ல, மிகையான நீரூற்றலாலேயே அழிகிறது.

இனங்காணல்

பார்வைக்கு ஒத்த வேறு சென்னா இனங்களும் அழகுக்காக வளர்க்கப்படுகின்றன. இலைக்காம்பின் அடியில் காது வடிவில் அகன்று, உதிராமல் நிற்கும் இலையடிச் செதில்களே ஆவாரையின் அடையாளம். இலத்தீன் பெயரும் இக்காதைக் குறிப்பதே.

நடுதல்

சாலையோரச் செடியைப் பிடுங்கி வந்து நடுவது பலர் செய்யும் தவறு. ஆழமாக இறங்கும் ஆணிவேர் அறுபடுவதால் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. முற்றிய காய்களிலிருந்து விதை எடுத்து, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. விதையுறை மிகக் கடினமானது. எனவே உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்தோ விதைக்க வேண்டும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதம் இதற்கு உகந்தது.

முழு வெயிலும் நீர் வடியும் மண்ணும் தேவை. சரளை மண் போதும். களிமண்ணாயின் மேட்டுப்பாத்தி அமைக்கலாம். முதல் கோடையில் மண் நன்கு காய்ந்த பிறகு மட்டும் நீர் ஊற்றினால் போதுமானது. வேரூன்றிய பின் பெரும்பாலும் மழைநீரே போதும். நாள்தோறும் நீர் பாயும் புல்தரையின் நடுவே வைத்தால் வேர் அழுகும். உரமும் தேவையில்லை. அவரைக் குடும்பச் செடியாயினும் இதன் வேரில் நைட்ரசனை நிலைநிறுத்தும் முண்டுகள் உருவாவதில்லை. ஆகவே மண்வளம் கூடும் என எதிர்பார்த்து நடுவதில் பொருளில்லை.

பூக்கள் புதுத் தளிர்களின் நுனியில் தோன்றுவதால், பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யலாம்.

பூச்சிகள்

பூவில் தேன் இல்லை. மகரந்தப்பைகளின் நுனித் துளை வழியே மகரந்தத்தை அதிர்வூட்டி உதிர்க்கும் தச்சுத் தேனீக்கள் (கருவண்டுகள்) வருகின்றன. கட்டோப்சிலியா பேரினப் பட்டாம்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இலைகளை உண்ணும். செடி மீண்டும் தழைத்துவிடும் என்பதால் பூச்சிக்கொல்லி வேண்டியதில்லை.

பயன்பாடு

இதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. கொங்கு நாட்டில் பொங்கலை ஒட்டி நடைபெறும் காப்புக் கட்டில், வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றுடன் ஆவாரம்பூவும் சேர்த்து வீட்டுக் கூரையில் செருகப்படுகிறது. தெலங்காணாவில் தங்கேடு எனப்படும் இது பதுகம்மா விழாவின் முதன்மைப் பூக்களுள் ஒன்று. 2014 முதல் அம்மாநிலத்தின் மலரும் இதுவே.