"சார், நான் பேசறது கேக்குதா?" – ஆன்லைன் மீட்டிங்குக்குள்ள ஒழுங்கா போறது எப்படி

பிளேஸ்மென்ட் முதல் ரவுண்டு, இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ, ப்ராஜெக்ட் ரிவ்யூ... இதுல பாதி இப்போ நேர்ல நடக்கறதில்ல. ஒரு லிங்க் வரும். சொன்ன நேரத்துக்கு உள்ள போகணும். மொத்தமே 20 நிமிஷம். அதுல முதல் 5 நிமிஷம் "ஹலோ, கேக்குதா சார்? இப்ப கேக்குதா?"ன்னே போயிட்டா, மிச்சம் இருக்கற 15 நிமிஷத்துல எதை நிரூபிக்கறது?

செட்டியார்பட்டி, தளவாய்புரம், சத்திரப்பட்டி பக்கத்துல இருந்து படிக்கிற நம்ம ஆளுங்க இதுக்கு வழக்கமா சொல்ற காரணம் ஒண்ணுதான்: "நம்ம ஊர்ல நெட்டு அவ்வளவுதான்டா." அது உண்மையான்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ராஜபாளையத்துல இருந்து சென்னை சுமார் 550 கிலோமீட்டர். ஃபைபர் கேபிளுக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்போ சென்னை போய்ச் சேர 3 மில்லி நொடி போதும். கேபிள் ஊரைச் சுத்தி 1000 கிலோமீட்டர் போனாலும் 5 மில்லி நொடிதான். பேச்சு இயல்பா இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஐ.டி.யூ.வோட ஜி.114 பரிந்துரை சொல்லுது. ஆக, ஊரோட தூரம் பிரச்சினையே இல்ல. பிரச்சினை பெரும்பாலும் நம்ம ரூமுக்கும் டவருக்கும் நடுவுல, இல்லைன்னா லேப்டாப் செட்டிங்ஸுக்குள்ள இருக்கு. அதுல முக்கால்வாசியை முந்தின நாளே சரி பண்ணிடலாம்.

லிங்க்குல என்ன இருக்கு?

மீட்டிங் லிங்க்குங்கறது ஒரு முகவரி, அவ்வளவுதான். ஜூம் லிங்க்னா அதுக்குள்ள 9-ல இருந்து 11 இலக்கம் வரைக்கும் ஒரு மீட்டிங் எண் இருக்கும். பாஸ்கோடும் பெரும்பாலும் லிங்க்குக்குள்ளயே சுருட்டி வச்சிருப்பாங்க. கூகுள் மீட்னா மூணு, நாலு, மூணுன்னு பிரிச்ச பத்து எழுத்து. லிங்க் வேலை செய்யலைன்னா பதறாம, ஆப்பைத் திறந்து இந்த எண்ணையோ எழுத்தையோ கையால அடிச்சாலும் உள்ள போயிடலாம்.

லிங்க் வந்ததும் பார்க்க வேண்டியது மூணு.

முதல்ல நேரம். வெளிநாட்டு கம்பெனி அனுப்பற மெயில்ல நேரம் யு.டி.சி.யில இருக்கலாம். நம்ம நேரம் அதைவிட 5 மணி 30 நிமிஷம் முன்னாடி. யு.டி.சி. காலை 6 மணின்னா நமக்கு 11.30. மெயில்ல இருக்கற காலண்டர் இன்வைட்டை அக்செப்ட் பண்ணிட்டா போனே நம்ம நேரத்துக்கு மாத்திக் காட்டிடும்.

ரெண்டாவது அக்கவுன்ட். இன்வைட் காலேஜ் மெயிலுக்கு வந்திருக்கும், ப்ரவுசர்ல திறந்திருக்கறது சொந்த ஜிமெயிலா இருக்கும். அப்போ கூகுள் மீட் நேரா உள்ள விடாம அனுமதி கேக்கச் சொல்லலாம். எந்த மெயிலுக்கு இன்வைட் வந்ததோ அதுலயே போங்க. டீம்ஸ்னா லேப்டாப்புல க்ரோம், எட்ஜ் மாதிரி ப்ரவுசர்லயே சேரலாம். போன்னா ஆப் இருக்கறது நல்லது. அதை முந்தின நாளே இறக்கி வச்சுக்கங்க. இன்டர்வியூவுக்கு 2 நிமிஷம் இருக்கறப்போ ஆப் அப்டேட் கேக்கறது எவ்வளவு கொடுமைன்னு அனுபவிச்சவங்களைக் கேட்டா தெரியும்.

மூணாவது பேரு. லாபியில நிக்கறப்போ மீட்டிங் நடத்தறவருக்குத் தெரியறது உங்க பேரு மட்டும்தான். அங்க போன் மாடல் பேரோ, "கிங் மேக்கர்"ன்னோ இருந்தா அவர் யாருன்னு நினைச்சு உள்ள விடுவார்? ரெஸ்யூமேல இருக்கற அதே பேரு, தேவைன்னா பக்கத்துல ரெஜிஸ்டர் நம்பர்.

கேமரா, மைக் அனுமதி

ப்ரவுசர்ல முதல் தடவை போறப்போ கேமரா, மைக்கு அனுமதி கேக்கும். அவசரத்துல "பிளாக்" அமுக்கிட்டா அடுத்த தடவை கேக்கவே கேக்காது. முகவரி எழுதற இடத்துக்கு இடது பக்கம் இருக்கற சின்ன ஐகானை அமுக்கினா அங்கயே ரெண்டையும் திரும்ப "அலௌ" பண்ணலாம். அதுக்கப்புறமும் கேமரா கறுப்பா இருந்தா வேற ஏதாவது ஆப் அதைப் பிடிச்சு வச்சிருக்கான்னு பாருங்க. ஒரே நேரத்துல ஜூமும் டீம்ஸும் திறந்து வச்சிருந்தா இப்படி ஆகும். மைக் விஷயத்துல இன்னொண்ணு: ஹெட்செட் மாட்டியிருப்போம், ஆனா செட்டிங்ஸ்ல லேப்டாப் மைக்கே தேர்வாகி இருக்கும். சேர்றதுக்கு முன்னாடி வர்ற ப்ரிவ்யூ திரையில எந்த மைக்னு பார்த்துட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. மைக் ஐகான் அசையுதான்னு பார்த்தா போதும்.

உள்ள போனப்புறம் என்ன நடக்குது?

நீங்க பேசறதை ஆப் சின்னச் சின்ன பாக்கெட்டா வெட்டி அனுப்புது. வெப்பேஜ் திறக்கறப்போ பொதுவா டி.சி.பி. அது ரிஜிஸ்டர் தபால் மாதிரி. போய்ச் சேரலைன்னா திரும்ப அனுப்பும். மீட்டிங்ல பெரும்பாலும் யு.டி.பி. அது போஸ்ட் கார்டு. தொலைஞ்சா தொலைஞ்சதுதான், அடுத்ததைப் பார்ப்போம்னு போயிடும். ஏன்னா அரை நொடி முன்னாடி சொன்ன எழுத்து இப்போ வந்து சேர்ந்து பிரயோஜனம் இல்ல.

பாக்கெட் எல்லாம் ஒரே இடைவெளியில வந்து சேராது. ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட். இந்த ஏத்த இறக்கத்துக்குப் பேருதான் ஜிட்டர். இதைச் சமாளிக்க வாங்கற பக்கத்துல ஆப் கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் தேக்கி வச்சு, வரிசைப்படுத்தி ஓட்டும். ரொம்ப லேட்டா வந்தா தூக்கிப் போட்டுடும். குரல் ரோபோ மாதிரி உடையறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயம்: குழுவா மீட்டிங் நடந்தா உங்க வீடியோ பொதுவா ஒரே ஒரு தடவைதான் சர்வருக்குப் போகும். அங்க இருந்து அதுதான் மத்தவங்களுக்குப் பிரிச்சு அனுப்பும். அதனால மீட்டிங்ல 5 பேரோ 50 பேரோ, உங்க அப்லோடு சுமை பெரும்பாலும் ஒண்ணுதான்.

ஏன் நமக்குக் கேக்குது, அவங்களுக்குக் கேக்கல?

நம்ம பசங்க சொல்ற புகார்லயே பெரிசு இதுதான். "எனக்கு எல்லாம் கிளியரா கேட்டுச்சுடா, அவங்களுக்குத்தான் நான் பேசினது உடைஞ்சிருக்கு."

காரணம் பவர். டவர்ல இருக்கற ஆன்டெனா பல பத்து வாட் பவர்ல அனுப்பும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சமா அனுப்பறது சுமார் 0.2 வாட். டவர் ஒலிபெருக்கி வச்சுப் பேசுது, நம்ம போன் காதுக்குள்ள கிசுகிசுக்குது. கான்கிரீட் ரூம், இரும்பு ஷட்டர், தகரக் கூரை இதெல்லாம் ரெண்டு பக்க சிக்னலையும் குறைக்கும். ஆனா முதல்ல அடிபடறது கிசுகிசுப்புதான், அதாவது அப்லோடு. அதனாலதான் யூடியூப் ஜம்முனு ஓடற அதே இடத்துல மீட்டிங் சொதப்புது. யூடியூப் பார்க்க டவுன்லோடு இருந்தா போதும். மீட்டிங்குக்கு ரெண்டும் வேணும்.

ஸ்பீட் டெஸ்ட் போட்டா எல்லாரும் டவுன்லோடு நம்பரைப் பார்த்து சந்தோஷப்படறோம். பார்க்க வேண்டியது அப்லோடு. ஜூம் கணக்குப்படி ரெண்டு பேர் பேசற நல்ல தர வீடியோவுக்கு போக 600 கிலோபிட், வர 600 கிலோபிட் வேணும். 720பி எச்.டி.ன்னா 1.2 மெகாபிட். வெறும் குரலுக்கு 60-ல இருந்து 80 கிலோபிட் போதும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். குரலுக்கு வேண்டியது வீடியோவுக்கு வேண்டியதுல ஏழுல ஒரு பங்கு, அதைவிடக் குறைவாவும் இருக்கலாம். அதனால உடைய ஆரம்பிச்சா தயங்காம, "சார், நெட்வொர்க் கொஞ்சம் வீக்கா இருக்கு, வீடியோவை ஆஃப் பண்ணிட்டு பேசலாமா?"ன்னு கேட்டுடுங்க. கேக்கறது தப்பில்ல. முகம் தெரிஞ்சு பதில் புரியாம போறதைவிட, முகம் தெரியாம பதில் புரியறது எவ்வளவோ மேல். எதிர்ல இருக்கறவருக்கு உங்க ரூமோ டவரோ தெரியாது. குரல் 2 நொடி லேட்டா வந்தா, "பையனுக்கு பதில் தெரியல, யோசிக்கறான்"னுதான் படும். படிச்ச பாடம் தெரிஞ்சும் மார்க் போறது இப்படித்தான்.

டேட்டா கணக்கும் பார்த்துக்கங்க. 600 கிலோபிட் ரெண்டு பக்கமும் ஒரு மணி நேரம் ஓடினா சுமார் 540 எம்.பி. எச்.டி.ன்னா 1080 எம்.பி. வெறும் குரல்னா 72 எம்.பி. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. பேக்ல காலையிலயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துட்டா, மத்தியானம் இன்டர்வியூ வேகம் குறைஞ்ச நெட்லதான்.

எங்க உக்காரணும்?

ஜன்னல் பக்கம், இல்லைன்னா மாடி ரூம். முந்தின நாள், இன்டர்வியூ நடக்கப் போற அதே நேரத்துல வீட்டுக்குள்ள ரெண்டு மூணு இடத்துல ஸ்பீட் டெஸ்ட் போட்டு, அப்லோடு எங்க அதிகம்னு குறிச்சுக்கங்க. அதே நேரம்னு சொல்றதுக்குக் காரணம், டவர் எல்லாருக்கும் பொது. காலையில 7 மணிக்கு இருக்கற வேகம் ராத்திரி 8 மணிக்கு இருக்காது. ஹாட்ஸ்பாட் போடறதா இருந்தா போனை ஜன்னல்ல வச்சுட்டு, முடிஞ்சா யு.எஸ்.பி. கேபிள்ல லேப்டாப்போட இணைச்சுடுங்க. ஜன்னலுக்கு முதுகு காட்டி மட்டும் உக்காராதீங்க, முகம் இருட்டாயிடும்.

அடுத்து சத்தம். நம்ம பக்கம் நைட்டி தைக்கிற மெஷின் ஓடற வீடு நிறைய. சத்திரப்பட்டி பக்கம்னா பேண்டேஜ் துணி நெய்யற விசைத்தறி. ஆப்ல இருக்கற நாய்ஸ் சப்ரெஷன் ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தைச் சுலபமா கழிச்சுடும். விட்டு விட்டு அடிக்கற சத்தம் கஷ்டம். பக்கத்துல இன்னொருத்தர் பேசறது அதைவிடக் கஷ்டம், ஏன்னா அதுவும் குரல்தானே. வாய்க்குப் பக்கத்துல மைக் இருக்கற சாதாரண வயர் ஹெட்செட் போதும், மெஷின் சத்தத்தைவிட உங்க குரல் தூக்கலா கேக்கும். அந்த அரை மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லி வீட்ல கேக்கறதும் ஒரு வழி. பீஸ் கணக்குல கூலி வாங்கற வீட்ல அது காசு. அதனால முந்தின நாளே சொல்லி வச்சா அவங்களும் வேலையை மாத்தி வச்சுப்பாங்க. ஒரே ரூம்ல போன், லேப்டாப் ரெண்டுலயும் மீட்டிங்ல சேர்ந்து ரெண்டு மைக்கையும் ஆன்ல வைக்காதீங்க, வீல்னு கத்தும்.

கரண்ட் போனா?

மாதாந்திர பராமரிப்புக்கு பகல் முழுக்க கரண்ட் நிறுத்தற நாள் நமக்குப் புதுசில்ல. முந்தின நாள் பேப்பர்லயே "நாளை மின்தடை"ன்னு வந்துடும். அதைப் பாருங்க. கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில ஓடும், ஆனா வைஃபை ரவுட்டர் அந்த நொடியே செத்துடும். டவர்களுக்குப் பொதுவா பேட்டரி பேக்கப் இருக்கும். அதனால போன்ல டேட்டாவும் சார்ஜும் மிச்சம் வச்சிருந்தா ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவிடலாம்.

அதுவும் போச்சா? இன்வைட்டை முழுசா படிச்சுப் பாருங்க. சிலதுல போன்ல கூப்பிட்டுச் சேர ஒரு நம்பர் கொடுத்திருப்பாங்க. நெட்டே வேண்டாம். ஜூம்னா நம்பரை டயல் பண்ணி, மீட்டிங் எண்ணை அடிச்சு ஹேஷ் அமுக்கணும். ஸ்டார் 6 அடிச்சா மியூட் போகும், திரும்ப அடிச்சா வரும். நம்பர் வெளிநாட்டுதா இருந்தா ஐ.எஸ்.டி. காசு ஆகும், பார்த்துக்கங்க. எச்.ஆர். போன் நம்பரையும் முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. கட் ஆன அந்த நிமிஷமே "கரண்ட் போயிடுச்சு, 3 நிமிஷத்துல திரும்ப சேர்றேன்"னு சொல்லிட்டா மதிப்பு குறையாது. சத்தமே இல்லாம காணாம போனாத்தான் குறையும்.

எந்த லிங்க்குக்குப் போகக் கூடாது?

லிங்க் வந்தா போறதுன்னு பழகிட்டோம். ஏமாத்தறவங்களுக்கும் அது தெரியும். "இன்டர்வியூவுக்கு எங்க ஆப்பை இறக்குங்க"ன்னு வாட்ஸ்அப்புல ஏ.பி.கே. ஃபைல் அனுப்பினா தொடாதீங்க. இன்டர்வியூவுக்கு டெபாசிட் கேட்டா அது இன்டர்வியூ இல்ல. ஸ்க்ரீன் ஷேர் பண்ணச் சொன்னா தேவையான ஒரு விண்டோவை மட்டும் காட்டுங்க. முழு ஸ்க்ரீனைக் காட்டினா வர்ற ஓ.டி.பி.யும் அவங்களுக்குத் தெரியும்.

வீட்ல பெரியவங்களுக்கும் இதைச் சொல்லுங்க. போலீஸ் யூனிஃபார்ம்ல வீடியோ கால்ல வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், காலைக் கட் பண்ணக் கூடாது"ன்னு மிரட்டிப் பணம் பறிக்கற மோசடி நாடு முழுக்க நடந்திருக்கு. சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்னைக்கு மன் கீ பாத் நிகழ்ச்சியில பிரதமரும் இதைப் பத்தி எச்சரிச்சார். பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை வழியில நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

முந்தின நாள் ஒத்திகை

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா 10 நிமிஷ வேலை:

1. நேரம், அக்கவுன்ட், பேரு சரிபாருங்க.
2. ஆப்பை அப்டேட் பண்ணுங்க. கேமரா, மைக் அனுமதியைப் பாருங்க.
3. அதே நேரத்துல, அதே இடத்துல அப்லோடு வேகம் பாருங்க.
4. ஃப்ரெண்டு ஒருத்தனை மீட்டுக்குக் கூப்பிட்டு 5 நிமிஷம் பேசுங்க. "கேக்குதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "நான் சொன்ன கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லு"ன்னு கேளுங்க. குரல் எங்க உடையுதுன்னு அப்பத்தான் தெரியும்.
5. மின்தடை அறிவிப்பு, டேட்டா மிச்சம், எச்.ஆர். நம்பர் மூணையும் பாருங்க.
6. மறுநாள் 10 நிமிஷம் முன்னாடியே லாபியில நில்லுங்க.

ஹாஸ்டல்ல இருக்கற நம்ம ஜூனியர்ஸ்ல பலருக்கு முதல் இன்டர்வியூ வர்றப்போ சொல்லிக் கொடுக்க வீட்ல ஆள் இருக்காது. நாலாவது பாயிண்ட்ல இருக்கற அந்த ஃப்ரெண்டா இந்த வாரம் அவங்கள்ல ஒருத்தருக்கு நீங்க இருங்க.