பத்து நிமிடப் பாடம், இருபது எம்.பி.

விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகளும் உண்டு. செஞ்சி, மரக்காணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தேறி வந்து படிப்பவர்களுக்கு இவைதான் பெரிய வாசல்கள்.

இவை உட்பட எந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் புரொஜெக்டரில் நிரல் எழுதி, இயக்கி, பிழை திருத்திக் காட்டுவார். நான்காவது படியைத் தவறவிட்டவருக்கு ஐந்தாவது படி விளங்காது. கேட்கத் தயங்கினால் அன்றைய பாடமே கைநழுவிவிடும். அந்த நான்காவது படியை வேண்டும்போதெல்லாம் திரும்பக் காட்டும் கருவிதான் திரைப்பதிவு.

கணினித் திரையில் நடப்பதையும் விளக்குபவரின் குரலையும் சேர்த்து ஒரே காணொளியாக்குவது திரைப்பதிவு. கேமராவோ ஒளிவிளக்கோ தேவையில்லை. ஒரு லேப்டாப், மைக் உள்ள ஒரு ஹெட்செட், ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போன்ற ஒரு கட்டற்ற மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இலவசமாக ஓடும்.

தயாரிக்க மட்டுமல்ல, பார்க்கவும் இதற்குச் செலவு குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1280×720 அளவுள்ள திரையில் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படத்துக்கு 2.76 எம்.பி. நொடிக்கு 10 படம் வீதம் 10 நிமிடத்தை அப்படியே சேமித்தால் 16 ஜி.பி.யைத் தாண்டும்! ஆனால், நிரல் எழுதும்போது திரையின் பெரும்பகுதி அசையாமல்தான் இருக்கிறது. 2003இல் வெளியான எச்.264 போன்ற சுருக்க முறைகள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. காட்சிக்கு நொடிக்கு 200 கிலோபிட், குரலுக்கு 64 கிலோபிட் என்று வைத்தாலும் 10 நிமிடப் பாடம் 20 எம்.பி.க்குள் அடங்கிவிடும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பென் டிரைவில் எடுத்துப்போய் இணையமே இல்லாமலும் பார்க்கலாம்.

இதை நாடு தழுவிய அளவில் செய்துகாட்டியது, ஐ.ஐ.டி. மும்பையில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். லினக்ஸ், லேடெக், சைலேப், லிப்ரே ஆபீஸ் எனப் பல மென்பொருள்களுக்கு அதில் பாடங்கள் உண்டு; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். முதலில் உரையை எழுதுகிறார்கள். மென்பொருளுக்குப் புதியவர் ஒருவர் அதைப் படித்துச் செய்துபார்த்து, எங்கே தடுமாறுகிறது என்று சொன்ன பிறகே பதிவு. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரலை மட்டும் மாற்றுகிறார்கள். திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். விளக்கம் தாய்மொழியில் கிடைக்கிறது. வேலையில் எதிர்ப்படும் ஆங்கிலத் திரையும் பழகிவிடுகிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்து வரும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

பார்க்கும் முறையும் முக்கியம். திரையின் ஒரு பக்கம் காணொளி, மறுபக்கம் மென்பொருள். ஒரு படி பார்த்து, நிறுத்தி, தானே செய்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் கைக்கு எதுவும் வராது.

பதிவு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது; இன்னும் குறைந்தால் நல்லது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி, பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 6 நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளிலேயே மாணவர் கவனம் நன்றாக நிற்கிறது என்று கண்டது. எனவே, ஒரு பதிவுக்கு ஒரு கருத்து போதும்.

பதிவு செய்யும் ஆசிரியர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசித் திரையில்தான் பலர் பார்ப்பார்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லாவிட்டால் மூடிவிடுவார்கள். பிழை வரும் இடத்தை வெட்டாதீர்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் மாணவர் கற்க வேண்டிய தொழில். பயிற்சிக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

ஒரே படியை ஒவ்வொருவருக்கும் திரும்பக் காட்டும் வேலையைப் பதிவு ஏற்றுக்கொண்டால், ஆசிரியருக்கு ஒவ்வொரு மேசையாகப் போய் அந்தந்த மாணவரின் சந்தேகத்தைத் தீர்க்க நேரம் கிடைக்கும். எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. போன செமஸ்டரில் அதிகம் பேர் திணறிய ஆய்வகப் பயிற்சியையே முதல் பதிவாக எடுங்கள்.